ஊடக அபிவிருத்தி நிறுவனங்களில் வேலை: நிர்வாக உத்தியோகத்தர் முதல் செயற்றிட்ட முகாமையாளர் வரை, இலங்கை விண்ணப்பதாரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"நிர்வாக உத்தியோகத்தர் தேவை. ஊடக அபிவிருத்திச் செயற்றிட்டங்களில் அனுபவம் விரும்பத்தக்கது." இப்படியொரு விளம்பரம் வந்தால் இரண்டு வகையினர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். வணிகம் படித்தவர், இது ஊடகக்காரருக்கான இடம் என்று நினைக்கிறார். ஊடகம் படித்தவர், இது கணக்குப்பிள்ளை உத்தியோகம் என்று முகம் சுளிக்கிறார். நடுவில் நிற்கும் அந்த வேலை, இரண்டிலும் கொஞ்சம் தெரிந்த யாரோ ஒருவருக்குப் போகிறது. அவர் சில ஆண்டுகளில் அதே இடத்தில் செயற்றிட்ட முகாமையாளராகவும் ஆகிவிடுகிறார். வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு என்று எங்கிருந்தாலும், அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருவது எப்படி என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊடக அபிவிருத்தி நிறுவனம் என்பது பத்திரிகை அலுவலகமும் அன்று, தொலைக்காட்சி நிலையமும் அன்று. ஊடகவியலாளருக்குப் பயிற்சி, சிறிய செய்தித் தளங்களுக்கு நிதி, தகவல் அறியும் உரிமை, போலிச் செய்திகளைச் சரிபார்த்தல், ஊடகவியலாளரின் பாதுகாப்பு, ஊடகச் சட்டச் சீர்திருத்தம் ஆகியவற்றைச் செய்வதுதான் இதன் வேலை. விளம்பர வருமானம் கிடையாது. ஏறக்குறைய முழுப் பணமும் கொடையாளர்களிடமிருந்து, காலக்கெடுவுடன் வருகிறது.

இலங்கையில் இந்தத் துறையின் நடுநாயகமாக நீண்ட காலம் இருப்பது இலங்கைப் பத்திரிகை ஸ்தாபனம். 1998ஆம் ஆண்டு ஊடகச் சுதந்திரத்துக்கும் சமூகப் பொறுப்புக்குமான கொழும்புப் பிரகடனம் வெளியானது. அது கேட்டவற்றைச் செயலாக்க 2003இல் தொடங்கப்பட்டதே இந்த ஸ்தாபனம். பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவும் இலங்கை இதழியல் கல்லூரியும் அதையொட்டி வந்தவை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போன்ற கொள்கை ஆய்வு நிறுவனங்களும் ஊடகச் செயற்றிட்டங்களை நடத்துகின்றன. 'மாற்றம்' தமிழ்த் தளம் அந்த நிலையத்தின் முயற்சிதான். வெளிநாட்டுப் பெயர்களில் உங்கள் கண்ணில் அடிக்கடி படப்போகிறவை: 1982இல் தொடங்கிய அமெரிக்காவின் இன்டர்நியூஸ், கோப்பன்ஹேகனில் 2001 முதல் இயங்கும் இன்டர்நேஷனல் மீடியா சப்போர்ட், ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல அகாடமி, பிபிசி மீடியா அக்‌ஷன், சுவீடனின் ஃபோயோ. யுனெஸ்கோவும் 1980இல் தொடங்கிய தன் சர்வதேசத் தொடர்பாடல் அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் சிறு நிதிகளைத் தருகிறது. இலங்கைக்கான அதன் பணிகளைப் புதுடில்லி அலுவலகம் கவனிக்கிறது.

இந்தப் பெயர்ப்பட்டியலைவிட முக்கியமான ஒன்று 2025இல் நடந்தது. ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. அந்நாட்டு அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் அதே ஆண்டு ஜூலையில் உதவித் திட்டங்களை நடத்துவதையே விட்டது. அந்த ஆண்டுக்குச் சுயாதீன ஊடகங்களுக்கென்று அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியிருந்த தொகை மட்டும் 268 மில்லியன் டொலருக்கு மேல். ஒரே ஒரு கொடையாளரை நம்பியிருந்த அலுவலகங்களில், மேசையும் கணினியும் அப்படியே இருக்க, சம்பளத் தலைப்பு மட்டும் காணாமற்போனது. ஆகவே இந்தத் துறையில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சம்பளம் யாருடைய உடன்படிக்கையிலிருந்து, எந்தத் திகதி வரை வருகிறது? இந்த வழிகாட்டி முழுவதும் இந்தக் கேள்விக்குத்தான் திரும்பத் திரும்ப வருவேன்.

படி 2: விளம்பரத்தை வரிவரியாக வாசியுங்கள்

பதவிப் பெயர்களை நம்பாதீர்கள். ஓர் அலுவலகத்தின் 'நிர்வாக உதவியாளர்' செய்வதை இன்னோர் அலுவலகத்தில் 'செயற்பாட்டு முகாமையாளர்' செய்வார். பெயரை விட்டுவிட்டு, கடமைகளின் பட்டியலில் என்ன வினைச்சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

'ஒழுங்கு செய்தல்', 'பேணுதல்', 'கோவைப்படுத்தல்' என்று வந்தால் அது அலுவலக நிர்வாகம்: கொள்வனவு, விலைக்கோரல், சில்லறைக் காசு, வாகன ஒழுங்கு, விடுமுறைப் பதிவு, மண்டப முன்பதிவு. 'இணைத்தல்', 'பின்தொடர்தல்', 'அறிக்கையிடல்' என்றால் செயற்றிட்ட இணைப்பாளர் அல்லது செயற்றிட்ட உத்தியோகத்தர். 'பாதீட்டுக்குப் பொறுப்பு', 'கொடையாளருடன் தொடர்பு', 'குழுவை மேற்பார்வை செய்தல்' ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால்தான் அது உண்மையான செயற்றிட்ட முகாமையாளர் பதவி. பாதீட்டுப் பொறுப்புத் தராமல் முகாமையாளர் என்ற பெயரை மட்டும் தருகிற விளம்பரங்களும் வருகின்றன. பெயர் அட்டைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து 'அவசியம்', 'விரும்பத்தக்கது' என்ற இரண்டு சொற்களையும் பிரித்துப் பாருங்கள். அவசியம் என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி உங்களிடம் இருந்தால் விண்ணப்பியுங்கள். விரும்பத்தக்கவை எல்லாம் உள்ள ஆள் கிடைப்பது அபூர்வம் என்பது விளம்பரம் போட்டவருக்கும் தெரியும். நம் பெண் விண்ணப்பதாரர்கள் பலர் ஒரு தகுதி குறைந்தாலும் ஒதுங்கிவிடுகிறார்கள், பாதித் தகுதி உள்ள ஆண்கள் துணிந்து அனுப்பிவிடுகிறார்கள்.

மொழி பற்றிய வரி தனியாகக் கவனிக்கத்தக்கது. அறிக்கை ஆங்கிலத்தில் போகும். கொழும்பு அலுவலகத்தின் பேச்சு பாதிக்கு மேல் சிங்களம். கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் பங்கேற்பாளர் தமிழர். மூன்றிலும் ஓரளவாவது புழங்கக்கூடியவர் கிடைத்தால் நிறுவனம் அவரை எளிதில் விடாது. சிங்களத்தில் தொலைபேசியில் ஒரு மண்டபத்தை முன்பதிவு செய்யும் அளவுக்குத் தெரிந்தாலே அதை எழுதுங்கள். 'சரளம்' என்று மட்டும் பொய் எழுத வேண்டாம், நேர்முகத்தில் முதல் கேள்வியே சிங்களத்தில் வரும்.

கடைசியாக ஒப்பந்தக் காலம். 'ஓராண்டு, நிதி கிடைப்பதைப் பொறுத்து நீடிக்கப்படலாம்' என்று இருந்தால், அந்தச் செயற்றிட்டம் எப்போது தொடங்கியது என்று தேடுங்கள். மூன்றாண்டுச் செயற்றிட்டத்தின் மூன்றாம் ஆண்டில் ஆள் தேடுகிறார்கள் என்றால், நீங்கள் போவது கடையைத் திறக்க அன்று, கணக்கை மூட. அதிலும் கற்க நிறைய உண்டு. ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

படி 3: எங்கே தேடுவது

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. டொப்ஜொப்ஸ், லிங்ட்இன், ரெலிஃப்வெப், நிறுவனங்களின் சொந்த இணையத்தளங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகைகள். மாகாண மட்டப் பதவிகள் சில வேளை 'உதயன்', 'வீரகேசரி' போன்றவற்றிலும் வரும். ஐக்கிய நாடுகள் அமைப்புகளுக்கு அவற்றின் சொந்தத் தளங்களில் மட்டும் விண்ணப்பியுங்கள். ஆட்சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் அவை கட்டணம் கேட்பதில்லை. 'விண்ணப்பப் பரிசீலனைக் கட்டணம்' என்று யாராவது வங்கி இலக்கம் அனுப்பினால் அது மோசடி.

பெயர் தெரியாத நிறுவனம் என்றால், அது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரச சார்பற்ற நிறுவனமாகப் பதிவானதா, அல்லது 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியா என்று பாருங்கள். இரண்டும் முறையானவை. இரண்டும் இல்லை என்றால் ஒதுங்குங்கள்.

படி 4: சுயவிபரக் கோவையை அந்தப் பதவிக்காக எழுதுங்கள்

நம்மவர் சுயவிபரக் கோவையில் முதற் பக்கத்தை விழுங்குவது முழுப்பெயர், பிறந்த திகதி, மதம், விவாக நிலை, பாடசாலையில் மாணவத் தலைவராக இருந்தது, சாதாரணதரப் பெறுபேறுகள் ஒன்பதும். தெரிவுக்குழு ஒரு கோவைக்குச் செலவிடும் நேரம் ஓரிரு நிமிடம். அந்த நேரம் முழுதும் உங்கள் சமயபாடச் சித்தியை வாசிப்பதில் போய்விடுகிறது.

முதற் பக்கத்தில் வர வேண்டியது நீங்கள் கையாண்ட அளவுகள். "நிதிக் கோவைகளைப் பேணினேன்" என்ற வரி யாரையும் நிறுத்தாது. "மாதம் 150,000 ரூபாய் சில்லறைக் காசை உறுதிச்சீட்டுகளுடன் பேணினேன், ஆண்டுக் கணக்காய்வில் என் கோவை தொடர்பாக ஆட்சேபனை எதுவும் வரவில்லை" என்று எழுதினால் வாசிப்பவர் பேனாவை எடுப்பார். அந்த எண் உங்களுடைய உண்மையான எண்ணாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஏ.ஏ.ரி. பரீட்சையோ உயர் தேசிய டிப்ளோமாவோ இருந்தால் அதற்கு அடுத்த இடம்.

வேலை அனுபவமே இல்லாதவர் என்ன செய்வது? பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் மாணவர் ஒன்றியத்தின் பொருளாளராக இருந்தீர்களா? ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்குப் பணம் சேர்த்துக் கணக்குக் காட்டினீர்களா? கூட்டுறவுச் சங்கத்தில் பயிற்சி பெற்றீர்களா? எவ்வளவு பணம், எத்தனை பேர், யாரிடம் கணக்கு ஒப்படைத்தீர்கள் என்று எழுதுங்கள். வாசிகசாலைக் கணக்கும் கணக்குத்தான். பொதுக்கூட்டத்தில் ஊரார் முன் நின்று கணக்கு வாசித்தவருக்கு எந்தக் கணக்காய்வாளரும் பயமில்லை.

ஊடகவியலாளராக இருந்து செயற்றிட்டப் பதவிக்கு விண்ணப்பிப்பவரின் தவறு வேறு மாதிரி. அவர்கள் எழுதிய கட்டுரைகளின் இணைப்புகளை அடுக்குகிறார்கள். அதில் இரண்டு போதும். மிச்ச இடத்தில், ஒரு தொடருக்காக எத்தனை பேரை ஒருங்கிணைத்தீர்கள், தகவல் அறியும் விண்ணப்பத்தை எப்படிப் பின்தொடர்ந்து பதில் வாங்கினீர்கள், காலக்கெடுவை எப்படிக் காத்தீர்கள் என்று எழுதுங்கள்.

விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. விளம்பரத்தின் 'அவசியம்' பட்டியலை எடுத்து, அதில் உள்ள மூன்று விடயங்களுக்கு மூன்று பத்தியில் சான்று காட்டுங்கள். "உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்" என்று தொடங்குகிற கடிதங்களைத் தெரிவுக்குழு நூறு தடவை பார்த்திருக்கும். உறவினரல்லாத நற்சான்றாளர் இருவரின் பெயரைத் தருமுன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் "யார் அந்தப் பிள்ளை?" என்று திருப்பிக் கேட்கும் விரிவுரையாளரால் வேலை போனவர்கள் உண்டு.

படி 5: எழுத்துப் பரீட்சை

இந்தத் துறையின் வடிகட்டி இதுதான். பெரும்பாலும் எக்செல் கோப்பு ஒன்று, ஒரு மின்னஞ்சல் வரைவு, ஒரு சிறிய மொழிபெயர்ப்பு. நிர்வாகப் பதவிக்கு வரக்கூடிய ஒரு கேள்வியை, எண்களை நானே வைத்து, முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

வவுனியாவில் இரண்டு நாள் பயிலரங்கு. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவிலிருந்து 20 பிராந்திய ஊடகவியலாளர், பயிற்றுநருடன் அலுவலகத்தார் சேர்த்து 3 பேர். உத்தியோகத்தர் பெற்ற முற்பணம் 300,000 ரூபாய். மண்டபம் 60,000. உணவு, 23 பேருக்கு நாளொன்றுக்கு 2,500 வீதம் இரண்டு நாள், 115,000. பிரயாணச் செலவு, 20 பேருக்கு 2,000 வீதம், 40,000. பயிற்றுநர் கட்டணம் 50,000. அச்சிடல் 12,500. மொத்தம் 277,500. திருப்பிக் கட்டிய காசு 22,500. கூட்டினால் முற்பணம் சரியாக வருகிறது. "இந்தக் கணக்கை ஏற்பீர்களா?" என்பது கேள்வி.

எண்கள் சரியாக இருப்பதால் பலர் 'ஏற்கலாம்' என்று எழுதிவிடுகிறார்கள். கேள்வியோடு இணைத்த வரவுப் பதிவேட்டைப் பார்த்தால், 20 ஊடகவியலாளரில் இரண்டாம் நாள் கையெழுத்திட்டவர் 18 பேர் மட்டும். உணவுப் பட்டியலிலோ இரண்டு நாளும் 23 பேர். வராத இருவரின் உணவுக்கான வித்தியாசம் 5,000 ரூபாய். இங்கே இரண்டாவது வகையினர் 'மோசடி, பணத்தை அறவிடுக' என்று எழுதுகிறார்கள். அதுவும் அவசரம். இருவர் வரமாட்டார்கள் என்று முதல் நாள் மாலையே விடுதிக்குச் சொல்லியிருப்பார் உத்தியோகத்தர். விடுதிக்காரர், "தங்கச்சி, இருபத்துமூன்று பேருக்குச் சாமான் வாங்கியாகிவிட்டது, இனிக் குறைக்க ஏலாது" என்றிருப்பார். முன்பதிவு செய்த எண்ணிக்கைக்கே கட்டணம் என்பது எங்கும் உள்ள நடைமுறை. நல்ல விடை இப்படி இருக்கும்: விடுதியுடன் செய்த முன்பதிவுக் கடிதத்தை இணைக்கவும், இருவர் வராத காரணத்தை விளக்கும் குறிப்பில் செயற்றிட்ட இணைப்பாளரின் கையொப்பம் பெறவும், பிரயாணச் செலவை இருவரும் முதல் நாள் வந்ததால் ஏற்கலாம், ஆயினும் பஸ் டிக்கெட் இல்லாதவர்களிடம் கையொப்பமிட்ட உறுதிமொழி பெறவும்.

இன்னும் ஒரு கண்ணி மிச்சம் இருக்கிறது. இணைத்துள்ள பாதீட்டில் உணவுக்கு 100,000 மட்டுமே. செலவு அதைவிட 15 சதவீதம் கூட. ஒரு செலவுத் தலைப்பைத் தாண்டிச் செலவிட எவ்வளவு இடம் உண்டு என்பது உடன்படிக்கைக்கு உடன்படிக்கை மாறும். 10 சதவீதம் என்பது அடிக்கடி காணும் எல்லை. அதற்கு மேல் போனால் கொடையாளரின் முன் அனுமதி வேண்டும். விடையில் இதைக் கேட்டு ஒரு வரி எழுதியவரை நேர்முகத்துக்கு அழைக்காமல் விடமாட்டார்கள்.

பயிற்றுநர் கட்டணத்தையும் பாருங்கள். இங்கே 50,000 என்பதால் சிக்கல் இல்லை. ஒரே மாதத்தில் ஒருவருக்குச் சேவைக் கட்டணம் 100,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீத நிறுத்திவைத்தல் வரி கழிக்க வேண்டும். இதை மறந்தால் அந்த வரி நிறுவனத்தின் தலையில் விழும், கொடையாளர் தரமாட்டார்.

செயற்றிட்டப் பதவிக்கான பரீட்சையில் வேறு வகைக் கேள்வி வரும். உதாரணமாக நாணய மாற்று. 50,000 டொலர் நிதியை, ஒரு டொலர் 360 ரூபாய் என்று வைத்துத் திட்டமிட்டீர்கள்: 18,000,000 ரூபாய். பணம் வரும்போது டொலர் 300 என்றால் கையில் 15,000,000. மூன்று மில்லியன் ரூபாய்ப் பள்ளம். எதை வெட்டுவீர்கள்? இது கற்பனைக் கேள்வி அன்று. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டு, ஏறக்குறைய 200இலிருந்து 360 வரை சரிந்தது. மறு ஆண்டு ஓரளவு மீண்டது. சரிந்தபோது கையில் ரூபாய் மிகுந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அலுவலகங்கள், மீண்டபோது மண்டபக் காசுக்குத் திண்டாடின. நல்ல விடை, 'எல்லாவற்றிலும் கொஞ்சம்' வெட்டுவதன்று. கொடையாளருக்கு எண்ணிக்கையில் வாக்களித்த வேலைகளைத் தொடாமல், கொழும்பு விடுதிகள், அச்சு வேலை, பயணம் ஆகியவற்றைச் சுருக்குவது; அதையும் செய்வதற்கு முன் எழுதிக் கேட்பது.

படி 6: நேர்முகம்

நிர்வாகப் பதவிக்கு வந்தவரிடமும் ஊடகச் சட்டம் பற்றி ஒரு கேள்வி வரும். ஆழமாகத் தெரிய வேண்டியதில்லை, பெயர்கள் குழம்பாமல் இருந்தால் போதும். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பத்திரிகைப் பேரவை அரசுடையது. 2003இல் தொடங்கிய பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு, பத்திரிகைத் துறை தன்னைத் தானே ஒழுங்குபடுத்த அமைத்துக்கொண்டது. இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் அறையில் ஒரு சங்கடமான அமைதி விழும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஆகிய இரண்டையும் ஒரு மாலை உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போங்கள்.

இதைவிடக் கனமான கேள்வி வரவுப் பதிவேடு பற்றியது. மற்ற அலுவலகங்களில் அது வெறும் ஒரு தாள். ஊடக அபிவிருத்தியில் அப்படியன்று. 2000இல் யாழ்ப்பாணத்தில் ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் வீட்டில் வைத்துச் சுடப்பட்டார். 2005இல் ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். 2006 மே மாதம் 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டார்கள். இந்த வரலாறு தெரிந்த ஒருவர், பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கைத்தொலைபேசி எண், கையொப்பம் எல்லாம் ஒரே தாளில் மேசைமேல் கிடப்பதைப் பார்த்தால் தயங்குவார். தயங்குவதில் நியாயம் இருக்கிறது. கணக்காய்வுக்குத் தாள் வேண்டும், பங்கேற்பாளருக்குப் பாதுகாப்பு வேண்டும். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டால்: அடையாள அட்டை இலக்கத்தைப் பிரயாணச் செலவு உறுதிச்சீட்டில் மட்டும், ஒருவருக்கு ஒரு தாளாக எடுப்பேன்; பொதுவாகச் சுற்றும் பதிவேட்டில் பெயரும் கையொப்பமும் மட்டும்; நிழற்படம் எடுக்குமுன் எழுத்தில் சம்மதம்; யார் கேட்டு வந்தாலும் பட்டியலைக் கொடுக்காமல் நிறைவேற்றுப் பணிப்பாளரிடம் அனுப்புவேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருப்பதையும் சொல்லலாம். பயிலரங்கு மண்டப வாசலில் சிவில் உடையில் ஒருவர் வந்து "யார் யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்பது இங்கே நடக்காத கதையன்று என்பதால், இந்த விடைக்கு மதிப்பெண் அதிகம்.

"கேள்வி ஏதாவது உண்டா?" என்று முடிவில் கேட்பார்கள். இல்லை என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். "இந்தப் பதவிக்கான நிதி ஒரே கொடையாளரிடமிருந்தா? உடன்படிக்கை எந்தத் திகதியில் முடிகிறது?" என்று கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இதற்காக யாரையும் நிராகரித்து நான் பார்த்ததில்லை. துறை தெரிந்தவர் வந்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

படி 7: நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்

இரண்டு வகைக் கடிதம் வரலாம். ஒன்று நிலையான கால ஊழியர் ஒப்பந்தம். மற்றது 'ஆலோசகர்' ஒப்பந்தம். தொகை ஒன்றாக இருந்தாலும் கைக்கு வருவது ஒன்றன்று.

மாதம் 120,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் என்றால் உங்களிடம் கழிக்கும் ஊழியர் சேமலாப நிதி 8 சதவீதம், 9,600. நிறுவனம் தன் பங்காக 12 சதவீதம், 14,400 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதம், 3,600. ஆக, நிறுவனம் உங்களுக்காக மாதாமாதம் 18,000 ரூபாய் கூடுதலாகச் செலவிடுகிறது. ஆலோசகர் ஒப்பந்தத்தில் இந்த 18,000 கிடையாது. அத்தோடு கட்டணம் 100,000ஐத் தாண்டுவதால் 5 சதவீதமாக 6,000 ரூபாய் வரியாகக் கழியும். ஊழியரின் மாதச் சம்பளத்துக்கோ 2025 ஏப்ரல் முதல் 150,000 ரூபாய் வரை வரி இல்லை. எனவே காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்துக்குப் போகச் சொல்லும் வேலைக்கு ஆலோசகர் என்று பெயர் வைத்தால், ஏன் என்று கேளுங்கள். கேட்டும் மாறவில்லை என்றால், அந்த இழப்பைச் சேர்த்துத் தொகையைப் பேசுங்கள்.

தகுதிகாண் காலத்தில் சேமலாப நிதி இல்லை என்று சில இடங்களில் சொல்வார்கள். அது பிழை. முதல் நாளிலிருந்தே உரித்து உண்டு.

பணிக்கொடை பற்றியும் ஒரு சொல். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்கு மேலோ 15 பேரோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து சேவை செய்தவருக்கு, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்க வேண்டும். இந்தத் துறையில் ஒப்பந்தம் ஓராண்டு, ஈராண்டு என்று துண்டு துண்டாக வரும். ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் சில நாள் இடைவெளி விழுந்தாலும் 'தொடர்ச்சி இல்லை' என்று வாதிட இடம் கிடைத்துவிடும். புதுப்பிக்கும்போது பழைய ஒப்பந்தம் முடிந்த மறு நாளின் திகதியை இடச் சொல்லுங்கள்.

விடுமுறை, அறிவித்தல் காலம், வெளிமாவட்டப் பயணத்தின் தங்குமிடச் செலவு, வாரக்கடைசி வேலைக்கு மாற்று விடுமுறை ஆகியவற்றைக் கடிதத்திலோ ஊழியர் கைநூலிலோ பார்த்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னது சின்ன விடயமாகத் தெரியும். பிராந்திய ஊடகவியலாளர் பலர் எழுதும் செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்குபவர்கள். கிழமை நாளில் இரண்டு நாள் பயிலரங்குக்கு வந்தால் அவர்களுக்கு இரண்டு நாள் வருமானம் போகும். ஆகவே பயிலரங்குகள் சனி, ஞாயிறில்தான் நடக்கும். உங்கள் சனி, ஞாயிறும் அதில்தான் போகும்.

படி 8: நிர்வாகத்திலிருந்து முகாமைக்கு

நிர்வாக மேசையில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு: எல்லாத் தாளும் அவர் வழியாகப் போகிறது. அதைக் கோவையில் போட்டு மூடிவிடாமல் வாசிப்பவர்தான் மேலே போகிறார்.

முதலில் கொடையாளர் உடன்படிக்கையைக் கேட்டு வாங்கி முழுதாக வாசியுங்கள். எத்தனை விலைக்கோரல் வேண்டும், எந்தத் தொகைக்கு மேல் கேள்விப்பத்திரம், எந்த மாதத்தில் அறிக்கை, ஆவணங்களை எத்தனை ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அலுவலகத்தில் பாதிப் பேர் அதை வாசித்திருக்கமாட்டார்கள். வாசித்தவரிடம் எல்லாரும் வந்து கேட்பார்கள். செயற்றிட்டக் கூட்டங்களுக்கு உங்களை அழைக்கத் தொடங்குவது அப்போதுதான்.

பிறகு செலவு வேகத்தைக் கவனியுங்கள். ஓராண்டுச் செயற்றிட்டத்தில் ஆறு மாதம் முடிந்தும் பணத்தில் கால்பங்குதான் செலவாகியிருந்தால், கடைசி இரண்டு மாதத்தில் பயிலரங்கு மேல் பயிலரங்காக நடத்தி, வந்த ஊடகவியலாளரே திரும்பத் திரும்ப வந்து, கோழிப் பிரியாணி சாப்பிட்டுப் போவதில்தான் முடியும். செலவு இப்படிப் பின்தங்குவதை நான்காம் மாதமே ஒரு பக்க அட்டவணையாக முகாமையாளரின் மேசையில் வைத்தால், கூடுதல் பணமின்றிக் காலத்தை மட்டும் நீட்டித் தரும்படி கொடையாளரிடம் கேட்க அவருக்கு அவகாசம் இருக்கும். முடிவதற்குச் சில நாள் முன்பு கேட்டால் எந்தக் கொடையாளரும் இரங்கமாட்டார்.

மூன்றாவது, களத்துக்குப் போங்கள். மொழிபெயர்ப்புக் கருவியுடன் நடக்கும் மும்மொழிப் பயிலரங்கில் ஒரு நாள் முழுக்க ஓர் உரைபெயர்ப்பாளரை மட்டும் வைத்து ஓட்டப் பார்ப்பவர், அந்த அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு இருந்து பார்த்ததில்லை. ஒரு மொழிக்கு இருவர் மாறி மாறிப் பேச வேண்டும். இல்லையென்றால் காதுக்கருவியில் வருவது பாதி வாக்கியங்கள்தான், தமிழ்ப் பங்கேற்பாளர் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்துவிடுவார். பாதீட்டில் மிச்சம் பிடிப்பதாக நினைத்து முதலில் வெட்டுவது எப்போதும் இந்த இரண்டாவது உரைபெயர்ப்பாளரைத்தான். களத்தைப் பார்த்தவர் வெட்டமாட்டார்.

முன்மொழிவு எழுதும் வேலையில் பாதீட்டுப் பகுதியைத் தாருங்கள் என்று நீங்களாகவே கேளுங்கள். யாரும் விரும்பி எடுக்காத பகுதி அது. மூன்று முன்மொழிவுக்குப் பாதீடு போட்டவருக்கு ஒரு செயற்றிட்டத்தின் உடற்கூறு தெரிந்துவிடும். அதற்குப் பின் முகாமையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது, முன்பு சொன்ன 'பாதீட்டுக்குப் பொறுப்பு' என்ற வரிக்கு எதிரே எழுத உங்களிடம் ஏதாவது இருக்கும்.

ஒப்பந்தம் முடியப்போகிறது என்று தெரிந்ததும் மூன்று விடயங்களை முடித்துக்கொள்ளுங்கள். சேமலாப நிதிக் கூற்றை எடுத்து, எல்லா மாதத்துக்கும் பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கணக்காய்வு முடிந்து நிறுவனம் ஏற்ற அறிக்கையில் உங்கள் பகுதி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாசியுங்கள். சேவைக் கடிதத்தில் பதவிப் பெயரும் திகதிகளும் மட்டும் போதாது. கையாண்ட நிதியின் அளவு, நடத்திய நிகழ்வுகள், பொறுப்பேற்ற செலவுத் தலைப்புகள் ஆகியவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பணிப்பாளர் அங்கே இருக்கும்போதே அதை வாங்கிவிட வேண்டும். செயற்றிட்டம் மூடிய பிறகு, பல இடங்களில் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட அலுவலகமே இருப்பதில்லை.